ஆறாவது ஊசி

வெண்கல உருளி நிறையத் தாமிரபரணித் தண்ணீர். அதில் ஐந்து ஊசிகள் நின்றபடியே மிதந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றும் தக்கைபோல லேசான நெட்டித் தண்டின் ஒரு துண்டில் குத்தப்பட்டிருந்தது. காது மேலே, முனை கீழே. உருளிக்கு மேலே மரச்சட்டம் ஒன்றிலிருந்து காந்தம் தொங்கியது. ஊசிகள் கொஞ்ச நேரம் அங்குமிங்கும் அலைந்துவிட்டு, யாரோ அளந்து வைத்ததுபோல ஐந்து மூலைக்கு ஒன்றாக நின்றன.

மைதீன் ஆறாவது ஊசியை ஓரத்தில் விட்டான். அது பைய நகர்ந்து உள்ளே வந்தது. மற்ற ஐந்தும் விலகி வழி கொடுத்தன. ஆறாவது நேரே நடுவில் போய் நின்றுகொண்டது. ஐந்தும் அதைச் சுற்றி மறுபடி வட்டமாயின.

வகுப்பில் நாற்பது பேர் இருந்தார்கள். பின்வரிசைக்காரர்கள் பெஞ்சின்மேல் ஏறி நின்று பார்த்தார்கள். பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் கை தட்டினார்கள்.

நான் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வயிறு எரிந்தது. பேச்சுக்குச் சொல்லவில்லை. வெறும் வயிற்றில் மிளகாய் தின்றவனுக்கு எரிவதுபோல நெஞ்சுக்குக் கீழே நிஜமாகவே எரிந்தது.

இந்தத் தொடரில் இதுவரை என்னைப் பற்றி நல்லதாகவே எழுதி வந்திருக்கிறேன். ஏழைப் பிள்ளையாகப் படித்தேன், முதல் வகுப்பில் தேறினேன், எல்லோருக்கும் நல்லவனாக இருந்தேன் என்றெல்லாம் வாசகர்கள் படித்திருப்பார்கள். இந்த வாரம் அப்படி எழுத முடியாது. மைதீனைப் பற்றி எழுதாமல் என் கல்லூரிக் காலத்தை எழுத வழியில்லை. அவனைப் பற்றி எழுதினால் என் யோக்கியதை வெளியே வந்துவிடும்.

உடையாத உருண்டை

முதல் பெரிய யுத்தத்துக்குக் கொஞ்சம் முந்திய வருடங்கள் அவை. பாளையங்கோட்டைப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் பௌதிக வகுப்புக்கு டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்தேன். பேராசிரியரான வெள்ளைக்காரத் துரை பாடம் நடத்துவார். நான் சோதனைகளைச் செய்து காட்ட வேண்டும், புரியாதவர்களுக்கு விளக்க வேண்டும். தற்காலிக வேலைதான். வண்ணார்பேட்டை வீட்டிலிருந்து தினமும் நடந்தே போய் வருவேன்.

அணு என்றால் பிளக்க முடியாதது என்றுதான் நாங்களெல்லாம் படித்திருந்தோம். அதற்குள்ளும் சின்னச் சின்ன மின்சாரத் துணுக்குகள் இருக்கின்றன என்று சீமையில் கண்டுபிடித்துவிட்டார்கள். அதை எப்படி மனத்தில் உருவகித்துக்கொள்வது? பழத்துண்டுகள் பதித்த கிறிஸ்துமஸ் பலகாரம் ஒன்றைத் துரை உதாரணம் சொன்னார். சொல்லும்போதே சப்புக்கொட்டினார். வகுப்பில் ஒருவனும் அந்தப் பலகாரத்தைக் கண்ணால் கண்டதில்லை. நானும் கண்டதில்லை.

எனக்கோ அதற்கு வெகுகாலம் முன்பே அணுவைத் தெரியும். அப்பா தாலுகா கச்சேரியில் குமாஸ்தா. பூஜை முடிந்து எழும்போது, ஓட்டு இடுக்கு வழியாக விழும் வெயிலில் பறக்கும் தூசியைக் காட்டி, "இதுல ஒண்ண ஆறு கூறு போட்டா அதுல ஒரு கூறுதாம்லே அணு" என்பார். அப்படியே கோட்டை மாட்டிக்கொண்டு கச்சேரிக்குக் கிளம்பிவிடுவார். இன்றைக்கும் அணு என்று யாராவது சொன்னால் என் கண்ணில் முதலில் வருவது அந்தத் தூசிதான். என்னென்னவோ படித்தும் அது போகவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். துரையின் பலகாரத்துக்குப் பதிலாக நம் பலகாரம் ஒன்றைக் காட்டினால் பையன்களுக்குச் சட்டென்று புரியும் என்று நினைத்தேன். பொரிவிளங்காய் உருண்டை! மாவு முழுவதும் ஒருவகை மின்சாரம். நடுநடுவே இருக்கும் தேங்காய்ச் சில்லெல்லாம் எதிர்வகைத் துணுக்குகள். என் மனைவி சிவகாமியிடம் சொல்லி உருண்டை பிடிக்கச் சொன்னேன். வெல்லப் பாகு ஒரு கொதி கூடிவிட்டது.

வகுப்பில் எடுத்துக் காட்டினேன். எல்லோரும் ஆர்வமாகப் பார்த்தார்கள். உள்ளே இருக்கும் தேங்காய்ச் சில்லைக் காட்டுவதற்காகக் கத்தியை வைத்து அழுத்தினேன். கத்தி வழுக்கிற்று. மேஜையில் அறைந்தேன், மேஜைதான் பள்ளமாயிற்று. ஒருவன் வெளியே ஓடிப்போய்க் கருங்கல் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். மூன்றாவது அடியில் உருண்டை தெறித்துப் போய்த் துரையின் கண்ணாடிக் குடுவையை உடைத்துவிட்டுத் தரையில் முழுசாகக் கிடந்தது.

"சார், அணுவைப் பிளக்க முடியாதுன்னு பழைய புஸ்தகத்துல போட்டிருக்கது சரிதான் போலருக்கு" என்றான் கல்லைக் கொண்டுவந்தவன்.

அன்றிலிருந்து எனக்குப் பொரிவிளங்காய் வாத்தியார் என்று பெயர். ஆற்றங்கரையில் குளிக்கப் போனாலும் படித்துறையில் யாராவது அந்தப் பெயரை முணுமுணுப்பார்கள்.

நெட்டி

அடுத்த வருடம் இன்னொரு டெமான்ஸ்ட்ரேட்டராக வந்து சேர்ந்தவன்தான் பீர் மைதீன். மேலப்பாளையத்தில் தறிக்காரர் ஒருவரின் மகன். சென்னையில் படித்தவன், இரண்டாம் வகுப்பு. என்னைவிட இரண்டு வயது சின்னவன். என்னை அண்ணாச்சி என்று கூப்பிடுவான். அந்த 'அண்ணாச்சி'யில் கேலி ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்பேன். இருக்காது. அதுவும் எனக்கு ஆத்திரமாக இருக்கும்.

மிதக்கும் ஊசிகளை வைத்து அணுவின் உள்ளே நடப்பதைக் காட்டலாம் என்று அவன் எங்கோ படித்திருந்தான். சீமையில் அதற்குத் தக்கைக் கட்டையைப் பயன்படுத்துவார்களாம். திருநெல்வேலியில் அப்போது நல்ல தக்கைக்கு எங்கே போவது? கோயில் வாசலில் நெட்டிமாலை விற்கும் கடைக்குப் போய் அரையணாவுக்கு ஒரு கட்டு நெட்டி வாங்கி வந்தான். உருளி அவன் அம்மாவுடையது. ஊசிகளும் அவன் அம்மாவுடையவைதான். போர்வை தைக்கிற நீள ஊசிகள்.

வகுப்பில் காட்டுவதற்கு முன்னால் என்னிடம்தான் முதலில் காட்டினான்.

"பாருங்க அண்ணாச்சி. எல்லா ஊசியையும் காதுலேருந்து முனைக்கு ஒரே போக்கா காந்தத்துல தேச்சிருக்கேன். அதனால ஒண்ணையொண்ணு தள்ளுது. மேல இருக்க காந்தம் எல்லாத்தையும் நடுவுக்கு இழுக்குது. தள்ளுறதுக்கும் இழுக்கிறதுக்கும் நடுவுல அதுகளே ஒரு ஒழுங்குக்கு வந்துருது."

"வேடிக்கை நல்லாத்தான் இருக்கு வே. ஆனா இது அணு இல்லையே?"

"இல்லதான். அணு இப்படித்தான் இருக்குன்னு இது சொல்லாது. இப்படி இருந்தா என்ன ஆவும்னு மட்டும் சொல்லும்."

பிறகு ஊசிகளை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போனான். ஆறாவதில் நடுவில் ஒன்று. எண்ணிக்கை ஏற ஏற நடுவில் இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்று சேர்ந்தது. பதினைந்து ஊசி வந்தபோது உள்வட்டத்தில் மறுபடி அதே ஐந்து மூலை. வெளியே இன்னொரு வட்டம். முதலில் பார்த்த வடிவம் உள்ளே ஒளிந்துகொண்டு திரும்ப வந்திருந்தது. தங்கம், வெள்ளி, கந்தகம் போன்ற மூலகங்களைக் கனப்படி வரிசையாக எழுதினால் ஒரே குணம் குறிப்பிட்ட இடைவெளியில் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்பது ரசாயனக்காரர்களுக்குப் பெரிய புதிர். அதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம் என்று என் கண் முன்னே அம்மாவின் சமையல் உருளியில் காட்டிவிட்டான்.

நான் ஒரு வருடமாகப் புத்தகத்தில் படித்தும் பிடிபடாத விஷயம் எனக்கு அன்றைக்குப் புரிந்தது. அதைச் சொல்லியிருக்கலாம். "உருளிய இறக்கி வையும், தண்ணி சிந்துது" என்றேன்.

இருப்புச்சட்டி

ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டில் ரகசியமாக நானும் அதைச் செய்து பார்த்தேன். அவன் செய்வதைவிட நன்றாகச் செய்துவிட வேண்டும் என்பது யோசனை. நெட்டி வாங்கினேன். சிவகாமியின் ஊசிகளை எடுத்துக் காந்தத்தில் தேய்த்தேன். அகலமான பாத்திரமாகத் தேடியதில் பலகாரம் சுடுகிற சட்டி கிடைத்தது. தண்ணீர் ஊற்றி ஊசிகளை விட்டேன். அவ்வளவுதான், எல்லா ஊசியும் நாலா பக்கமும் ஓடிப்போய்ச் சட்டியின் சுவரில் ஒட்டிக்கொண்டன.

சிவகாமி வந்து எட்டிப் பார்த்தாள்.

"இது என்னத்துக்குங்க?"

"அணு."

"காந்தம் தேச்ச ஊசிய இருப்புச்சட்டியில விட்டா ஒட்டாம என்ன செய்யும்? எனக்கே தெரியுது" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "மேலப்பாளையத்துக்காரரு செஞ்சத நீங்களும் செய்யுதீங்களாக்கும். அவரு மேல உங்களுக்கு இம்புட்டு என்னங்க?"

"எனக்கென்ன அவன் மேல? ஒண்ணுமில்ல."

"சாப்பிடும்போது அவரு பேரு. குளிச்சிட்டு வந்தா அவரு பேரு. நேத்து தூக்கத்துலகூட அவரு பேருதான். பொண்டாட்டி பேர ஒரு நா சொல்லியிருப்பீங்களா?"

பௌதிகம் படித்தவன் இரும்புப் பாத்திரத்தை எடுத்தேன் என்பதை இன்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்று சிரிப்பு வரவில்லை. மத்தியானம் சாப்பிடவும் இல்லை.

ஒரே ஒரு வேலை

வருகிற ஜூனிலிருந்து நிரந்தரமாக ஒரு லெக்சரர் வேலை வருகிறது என்று துரை எங்கள் இருவரையும் கூப்பிட்டுச் சொன்னார். இடம் ஒன்றுதான். மற்றவருக்குத் தற்காலிக வேலையும் இராது. சென்னையிலிருந்து பரிசோதகர் ஒருவர் வெள்ளிக்கிழமை வருகிறார்; அவர் முன்னால் இருவரும் ஆளுக்கு அரைமணி நேரம் அணுவைப் பற்றிப் பாடம் நடத்த வேண்டும்; அவர் சொல்வதுதான் முடிவு.

இந்த வேலை இல்லையென்றால் நான் அப்பா உட்கார்ந்த தாலுகா கச்சேரியில்தான் போய் உட்கார வேண்டும். மாமனார் அதற்கு ஆள் பிடித்தே வைத்திருந்தார். கச்சேரியில் முப்பது வருடம் குனிந்து எழுதி அப்பாவுக்கு முதுகு கூனிவிட்டது. அந்த நாற்காலியில் உட்கார மாட்டேன் என்று பதினைந்து வயதில் சத்தியம் செய்தவன் நான். மைதீனுக்கு வேலை கிடைக்காவிட்டால் கொழும்பில் அவன் மாமாவின் ஜவுளிக்கடை. அவனுக்கும் துணி மடிக்க இஷ்டமில்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் அதைப் பற்றி நான் யோசிக்கவில்லை.

கல்லூரி வாசகசாலைக்குச் சீமையிலிருந்து விஞ்ஞானப் பத்திரிகை ஒன்று கப்பலில் வரும். பழசும் புதுசுமாகச் சேர்ந்து வரும். அந்த வாரம் புரட்டியபோது ஒரு கட்டுரை கண்ணில் பட்டது. மெல்லிய தங்கத் தகட்டின்மேல் நுண்ணிய துணுக்குகளைப் பாய்ச்சினார்களாம். பெரும்பாலும் ஒன்றுமே இல்லாததுபோல ஊடுருவிப் போயின. ஏதோ சில மட்டும் எதிலோ முட்டியதுபோலத் திரும்பி வந்தன. ஆகவே அணு என்பது பெரும்பாலும் வெற்றிடம். நடுவில் மட்டும் கடுகினும் கடுகாக ஒரு கனமான கரு.

அப்படியானால் பலகாரமும் போயிற்று, மைதீனின் உருளியும் போயிற்று! பத்திரிகையை அங்கவஸ்திரத்துக்குள் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுபோனேன். படித்துவிட்டுத் திருப்பி வைக்கலாம் என்றுதான் எடுத்தேன். டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன்.

இதுவே போதுமே என்று வாசகர் நினைக்கலாம். எனக்குப் போதவில்லை. வியாழக்கிழமை ஒத்திகையில் அவன் பத்தொன்பது ஊசிகளை மூன்று அடுக்காக நிறுத்தினான். துரை எழுந்து வந்து அவன் தோளில் தட்டினார். என் தோளில் அவர் ஒரு நாளும் தட்டியதில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம்

பரிசோதகர் இரண்டு மணிக்கு வருவதாக ஏற்பாடு. பன்னிரண்டரைக்கு மைதீன் தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டான். உருளியில் தண்ணீர் நிறைந்திருந்தது. பக்கத்தில் வெள்ளைத் துணியில் ஊசிகள் வரிசையாகப் படுத்திருந்தன.

"அண்ணாச்சி, ஜும்மாவுக்குப் போயிட்டு ஓடியாந்துருதேன். பையனுவ யாரும் உருளியத் தொட்டிராமக் கொஞ்சம் பாத்துக்கிடுங்க."

"நீரு போயிட்டு வாரும். நான் இங்கனதான இருக்கேன்" என்றேன்.

அவன் போன பிறகு கதவைச் சாத்தினேன். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. பள்ளிவாசல் பக்கமிருந்து பாங்கு சத்தம் மெலிதாகக் கேட்டது. வரிசையில் ஆறாவது ஊசியை எடுத்தேன். நெட்டியைக் கழற்றினேன். காந்தத்தை எடுத்து, அவன் தேய்த்த போக்குக்கு எதிராக, முனையிலிருந்து காதுக்குத் தேய்த்தேன். இருபது தடவை இருக்கும். மறுபடி நெட்டியின் அதே துளையில் குத்தி, இருந்த இடத்திலேயே படுக்க வைத்தேன். பார்வைக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. காது மேலேதான், முனை கீழேதான். உள்ளே இருந்த காந்தம் மட்டும் தலைகீழாகிவிட்டது.

அவன் தொழுதுகொண்டிருந்த நேரம் அது. அதை நினைத்தேனா என்று கேட்டால், நினைத்தேன். நினைத்துக்கொண்டேதான் தேய்த்தேன்.

ஓடிப்போய் ஒட்டிக்கொண்டது

பரிசோதகர் சரிகைத் தலைப்பாகைக்காரர். முன்வரிசையில் துரையோடு உட்கார்ந்தார். மைதீன் வியர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தான். ஊசிகளைச் சரிபார்க்க நேரமில்லை. நான் வழக்கம்போலக் கதவோரம் நின்றேன்.

ஐந்து ஊசிகள் அழகாக நின்றன. பரிசோதகர் முன்னால் குனிந்தார். மைதீன் ஆறாவதை விட்டான்.

அது உள்ளே வரவில்லை. பின்வாங்கி உருளியின் விளிம்புக்குப் போயிற்று. ஐந்தில் ஒன்று துடித்தது. கூட்டத்தை விட்டுப் பிய்த்துக்கொண்டு ஓடிப்போய் ஆறாவதோடு ஒட்டிக்கொண்டது. இரண்டும் சேர்ந்து ஓரமாக, எதிலும் பட்டுக்கொள்ளாமல் மிதந்தன. மிச்ச நான்கும் சதுரமாயின. பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

மைதீன் குனிந்து ஆறாவது ஊசியைப் பிரித்து எடுத்தான். அதன் காதைத் தொங்கும் காந்தத்தின் பக்கம் கொண்டுபோனான். ஊசி விலகிற்று. இன்னொரு தடவை கொண்டுபோனான். பிறகு தலையைத் தூக்கி நேராகக் கதவோரம் பார்த்தான்.

உருளியைத் தட்டிவிட யாராலும் முடியும். ஊசியை ஒளித்து வைக்க யாராலும் முடியும். ஊசியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு அதன் துருவத்தை மட்டும் மாற்ற வேண்டும் என்று யோசிக்கக்கூடியவர்கள் அன்றைக்கு அந்தக் கல்லூரியில் துரையை விட்டால் இரண்டே பேர்தான். அதில் ஒருவன் தொழுகைக்குப் போயிருந்தான். இவ்வளவு சுத்தமாகச் செய்ததால்தான் அகப்பட்டுக்கொண்டேன் என்பது அந்த நொடியில்தான் எனக்கு உறைத்தது.

அவன் பரிசோதகர் பக்கம் திரும்பினான். பேச்செல்லாம் இங்கிலீஷில்தான், இங்கே தமிழில் எழுதுகிறேன்.

"ஐயா, இந்த ஊசிக்குத் துருவம் மாறியிருக்கிறது. ஒருவகையில் நல்லதுதான். அணுவுக்கு மாதிரியாக இது எதுவரைக்கும் உதவும் என்று காட்ட மறந்திருப்பேன். எல்லா ஊசியும் ஒரே போக்கில் இருக்கும்வரைதான் இது அணுவைப் பற்றி ஏதோ சொல்கிறது. ஒன்று மாறினாலும் இது வெறும் உருளியும் தண்ணீரும்தான்."

"எப்படி மாறியது?" என்றார் பரிசோதகர்.

என் வேட்டி முந்தியைப் பிடித்துக்கொண்டேன்.

"காந்தத்துக்குப் பக்கத்தில் தவறி வைத்துவிட்டால் மாறுவதுண்டு, ஐயா."

"ஓர் ஊசி மாறினாலே உதவாமல் போகும் மாதிரியை எதற்காகக் காட்ட வேண்டும்?"

"என் தகப்பனார் தறி நெய்கிறவர். புதுச் சேலைக்கு முதலில் கையகலத்துக்கு ஒரு மாதிரித் துணி நெய்து பார்ப்பார். கரைக்கு எந்த நிறம், எத்தனை இழை என்று அதில் தெரிந்துவிடும். அதை உடுத்த முடியாது. வண்ணானுக்குப் போட்டால் என்ன ஆகும் என்றும் அதில் தெரியாது. ஆனால் அது இல்லாமல் அவர் சேலையைத் தொடங்கியதே இல்லை."

பரிசோதகர் தலையாட்டினார். மைதீன் வேறொரு ஊசியை எடுத்து விட்டான். பத்தொன்பது வரைக்கும் போனான்.

அடுத்து என் முறை. நன்றாகப் பேசினேன் என்று சொல்லக் கூச்சமில்லை. தங்கத் தகட்டுச் சங்கதியைக் கரும்பலகையில் படம் போட்டு விளக்கினேன். நடுவில் கனமான கரு; சுற்றிலும் வெட்டவெளி; அதில் சூரியனைச் சுற்றும் கிரகங்கள்போல மின்சாரத் துணுக்குகள் சுற்றிக்கொண்டிருக்க வேண்டும் என்றேன். "சற்றுமுன் நீங்கள் பார்த்தது பழைய கதை" என்றும் சேர்த்துக்கொண்டேன். துரையே ஆச்சரியத்தோடு என்னைப் பார்த்தார்.

கேள்வி கேட்கலாம் என்றார் பரிசோதகர். மைதீன் எழுந்தான்.

"இது எனக்குத் தெரியாத செய்தி. இது சரியென்றால் என் உருளியின் வேலை முடிந்தது. ஒரு சந்தேகம். சுற்றுகிற மின்சாரம் ஒளியாகத் தன் சக்தியை விட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்று நாம் படித்திருக்கிறோம். சக்தி குறையக் குறையத் துணுக்குகள் சுருண்டு சுருண்டு கருவுக்குள் விழுந்துவிடுமே? பிறகு இந்த மேஜையும் நாற்காலியும் எப்படி நிற்கின்றன?"

எனக்குத் தெரியவில்லை. கட்டுரையிலும் அதற்கு விடை இல்லை. தெரியாது என்று சொல்ல நாக்கு எழவில்லை. "அதை மேல் வகுப்பில் பார்க்கலாம்" என்றேன். பரிசோதகர் சிரித்துவிட்டு நோட்டை மூடினார்.

புது விஷயம் அறிந்தவர், முதல் வகுப்பில் தேறியவர் என்று எழுதி வேலையை எனக்குக் கொடுத்தார்கள்.

ரயிலடி

அடுத்த பத்து நாள் தினமும் அவன் என்னைக் காட்டிக்கொடுப்பான் என்று எதிர்பார்த்துக் கிடந்தேன். மனத்துக்குள் மைதீனுக்கு நானும் அந்த உருளியைப் போல ஒரு மாதிரியைச் செய்து வைத்திருந்தேன். அவன் அண்ணாச்சி என்றால் நடிப்பு. சிரித்தால் ஏளனம். முதலில் என்னிடம் காட்டினால் பீற்றல். இரண்டு வருடமாக அவன் செய்த எல்லாவற்றுக்கும் அந்த மாதிரியில் காரணம் கிடைத்துக்கொண்டே இருந்தது. அவன் வாயைத் திறக்காமல் இருந்ததற்கு மட்டும் அதில் காரணம் கிடைக்கவில்லை. எப்படித் திருப்பிப் பார்த்தும் கிடைக்கவில்லை.

தூத்துக்குடிக்குப் போய்க் கப்பலேறுவதற்காக அவன் காலை ரயிலில் கிளம்பினான். போகாமல் இருக்க முடியவில்லை, ரயிலடிக்குப் போனேன். அவன் அப்பா சாமான்களை ஏற்றிக்கொண்டிருந்தார். மைதீன் என்னைப் பார்த்ததும் இறங்கி வந்தான்.

"வந்துட்டீங்களா அண்ணாச்சி. வருவீங்கன்னு நெனச்சேன்."

"வே மைதீன்…" என்று ஆரம்பித்தேன். அவன் கையைக் காட்டி நிறுத்தினான்.

"அந்தப் பத்திரிகையப் படிச்சு முடிச்சிட்டீங்கன்னா வாசகசாலையில வச்சிருங்க. பின்னால வாறவங்க படிக்கணும்லா."

அதுவும் தெரிந்திருக்கிறது! அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தான். பிரித்துப் பார்த்தேன். ஊசி.

"அம்மாவோட ஊசியெல்லாம் அவங்ககிட்டயே குடுத்துட்டேன். இது ஒண்ணு மட்டும் உங்களுது. ஜும்மாவுக்குப் போன நேரம் பாத்து செஞ்சீங்களே, அதுதான் அண்ணாச்சி எனக்குப் பொறுக்கல."

கோபமாகச் சொல்லவில்லை. ரயில் கூவிற்று. அவன் ஏறிக்கொண்டான்.

பத்திரிகையை மறுநாளே திருப்பி வைத்துவிட்டேன். முப்பது வருடம் அதே கல்லூரியில் பாடம் நடத்தினேன். சூரியனும் கிரகமுமாக அணுவைப் படம் போட்டே பெயர் வாங்கினேன். அந்தப் படமும் சரியில்லை என்று நடுவில் சொல்லிவிட்டார்கள். பாடப்புத்தகத்தில் அது இருந்துகொண்டேதான் இருந்தது, நானும் போட்டுக்கொண்டேதான் இருந்தேன். ஒவ்வொரு வருடமும் உருளியில் ஊசி விட்டும் காட்டுவேன். அப்போது மாணவர்கள் கை தட்டுவார்கள். அது எனக்கான கைதட்டு இல்லை என்பது எனக்கு மட்டும் தெரியும்.

அன்றைக்கு மைதீன் கேட்ட கேள்வியை வைத்துச் சீமையிலேயே பெரிய பெரிய தலைகள் திணறியதாகப் பின்னால் படித்தேன். அதற்கு ஒருவழியாக விடை கண்டுபிடித்தார்கள் என்றும் படித்தேன். படித்து முடித்ததும் மனத்தில் முதலில் வந்தது விடை அல்ல. கொழும்பில் எங்கோ துணி மடித்துக்கொண்டிருப்பவன் இதை எனக்கு முன்னாலேயே படித்திருப்பானோ என்ற எண்ணம்தான் வந்தது. ஐம்பது வயதில், பென்ஷனுக்கு நாள் எண்ணிக்கொண்டிருந்த காலத்தில், மறுபடி அதே இடத்தில் வயிறு எரிந்தது.

அந்த ஊசியை நான் எந்த வருடமும் உருளியில் விட்டதில்லை. காந்தத்தை எடுத்துக் காதிலிருந்து முனைக்குத் தேய்த்தால் அரை நிமிடத்தில் சரியாகிவிடும். தேய்க்கவில்லை. இதை எழுத உட்காரும் முன்பு பெட்டியிலிருந்து எடுத்துத் திசைகாட்டிக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். சக்தி நிறையக் குறைந்திருக்கிறது. ஆனாலும் அதன் காதைக் கண்டால் முள் இன்றைக்கும் நான் மாற்றி வைத்த பக்கமே திரும்புகிறது.